காருக்கு ஆம்ப் தேர்வும் வயரிங்கும்: பேட்டரியில் இருந்து சப் வரை

கார் ஸ்டீரியோவின் சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குத் தரும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட்ஸ். "அண்ணாச்சி, இது எத்தனை வாட்ஸ்?" "ரெண்டாயிரம் தம்பி, சும்மா அதிரும்." அத்தோடு பேச்சு முடிந்து பில் போட்டுவிடுவார்கள். நீங்கள் அந்த ஆம்பைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 என்று ஒன்றே ஒன்று இருக்கிறதா? வண்டி ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 13.8 வோல்ட், அதை 30 ஆம்பியரால் பெருக்கினால் 414 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான், அதிலும் கிளாஸ் ஏபி வகை என்றால் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும், மீதி சூடாக வெளியே வரும். 2000 எங்கிருந்து வரும்? நொடிப்பொழுது உச்சம், பீக், மேக்ஸ் என்று ஏதாவது சொல்வார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது.

நமக்கு வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது விடாமல் தொடர்ந்து தரக்கூடிய பவர். அதையும் எத்தனை ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு), எத்தனை வோல்ட்டில் அளந்தார்கள் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். சிஇஏ 2006 அல்லது சிடிஏ 2006 என்ற அளவுத்தர முத்திரை இருந்தால் நிம்மதி: 14.4 வோல்ட்டில், 4 ஓம் லோடில், சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் அளந்த எண் அது. முத்திரை இல்லையென்றால் மேலே சொன்ன ஃபியூஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பொய் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆம்ப் வேண்டுமா என்பதே முதல் கேள்வி

ஸ்டீரியோவின் முகத்தில் 50×4, அதாவது நாலு சேனலுக்கும் 50 வாட்ஸ், என்று எழுதியிருந்தாலும் ஒரு சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வழிக்கு) உண்மையில் கிடைப்பது 15 முதல் 20 வாட்ஸ் ஆர்எம்எஸ்தான். நெல்லை வண்ணார்பேட்டையில் இருந்து பாளை போய் வருவதுதான் உங்கள் ஓட்டம் என்றால், கதவில் நல்ல ஸ்பீக்கர் இரண்டு மாட்டிவிட்டு இதோடு நிறுத்திக்கொள்ளலாம், காசு மிச்சம். நாங்குநேரி, வள்ளியூர் என்று நாலுவழிச் சாலையில் தொண்ணூறில் போகும்போது கதை வேறு. டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் பாட்டின் கீழ்ப்பகுதியை அப்படியே விழுங்கிவிடும், நீங்கள் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள், ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் மூச்சு முட்டி அலையின் தலையை வெட்டிவிடும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். ட்வீட்டர் எரிவது பெரும்பாலும் இப்படித்தான்.

நம்ம ஊர்ப் பையன்களுக்கு இன்னொரு நினைப்பும் உண்டு. சுடலைமாடன் கோயில் கொடைக்கு மைக்செட் கட்டுவதைப் பார்த்து வளர்ந்ததால் சத்தம் என்றால் தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. மைக்செட் ஆம்ப் 230 வோல்ட்டில் ஓடுகிறது, திறந்த வெளிக்காகச் செய்தது. அறிவிப்பு ஆட்டோவில் இருக்கும் 12 வோல்ட் ஆம்ப் பேச்சுக்கு மட்டும்தான் லாயக்கு. காருக்குள் இருப்பது நான்கு பேர் உட்காரும் மூடிய சின்ன இடம், அங்கே குறைந்த வாட்ஸே நிறைய வேலை செய்யும்.

எதை வாங்குவது

சின்ன காருக்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஒரு நாலு சேனல் ஆம்ப். முதல் இரண்டு சேனல் முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு, மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து (ஒரே சேனலாகச் சேர்த்து) ஒரு சப்வூஃபருக்கு, அதாவது பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கருக்கு. பின் ஸ்பீக்கரை ஸ்டீரியோவிலேயே விட்டுவிடுங்கள். பின்னால் உட்காருகிறவர்களுக்கு லேசாகக் கேட்டால் போதும், ஓட்டுகிறவனுக்குப் பாட்டு முன்னால் இருந்துதான் வர வேண்டும். தனித்தனியாக இரண்டு ஆம்ப், அதற்கு இரண்டு கேபிள், ஒரு பங்கீட்டுக் கட்டை என்று போவது சப்புக்கே 500 வாட்ஸுக்கு மேல் வேண்டும் என்கிறவர்களுக்கு.

நாலு சேனல் ஆம்பில் 4 ஓமில் சேனலுக்கு 75 வாட்ஸ், பிரிட்ஜ் செய்தால் 4 ஓமில் 220 வாட்ஸ் என்பது சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. முன் ஸ்பீக்கர் 60 முதல் 80 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாங்குவது, சப் 200 முதல் 250 தாங்குவது என்று எடுத்தால் ஜோடி சரியாக இருக்கும். ஸ்பீக்கரைவிட ஆம்பின் பவர் கொஞ்சம் கூட இருந்தால் பயப்பட வேண்டாம், கெயின் என்ற திருகை ஒழுங்காக வைத்தால் போதும், அதைக் கீழே சொல்கிறேன்.

ஓம் விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. பிரிட்ஜ் செய்யும்போது 4 ஓம் சப்பை மாட்டினால் ஆம்பின் ஒவ்வொரு சேனலும் அதை 2 ஓமாகத்தான் பார்க்கும். பெரும்பாலான நாலு சேனல் ஆம்ப்களுக்கு அதுவே கடைசி எல்லை. இப்போது கடையில் இரட்டைக் காயில் (உள்ளே இரண்டு கம்பிச் சுருள்) சப் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2+2 ஓம் என்றால் இரண்டையும் சீரியலில் (ஒன்றின் பின் ஒன்றாக) கட்டி 4 ஓம் ஆக்கிவிடலாம், நமக்கு வேண்டியது இதுதான். 4+4 ஓம் சப்பைப் பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கட்டினால் 2 ஓம் ஆகிவிடும், பிரிட்ஜில் அதை மாட்டினால் ஆம்ப் சிவப்பு விளக்கு காட்டிவிட்டு அணையும், அல்லது காட்டாமலே போய்ச் சேரும். சீரியலில் கட்டினால் 8 ஓம், பாதுகாப்புதான், ஆனால் பவர் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே சப்பையும் ஆம்பையும் ஒரே நாளில், ஓமைக் கேட்டு வாங்குங்கள்.

கிளாஸ் டி வாங்குங்கள் என்று சொல்வதற்கு நம்ம ஊர் வெயில்தான் காரணம். கிளாஸ் டி உள்ளே வாங்குவதில் 80 சதவீதத்தை ஒட்டி ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும், ஏபி வகை 50, 60 என்று நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் பாளையில் வெட்டவெளியில் நிறுத்திய கார் டிக்கிக்குள் கையை வைத்துப் பாருங்கள், ஆம்ப் ஓடத் தொடங்கும் முன்பே பாதிச் சூட்டில் இருக்கும். சத்தச் சுத்தத்தில் ஏபிதான் உசத்தி என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஓடும் காருக்குள் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆம்பியர் கணக்கு, அப்புறம் கேபிள்

முன்னால் 150 வாட்ஸ், சப்புக்கு 220, மொத்தம் 370. கிளாஸ் டி என்றால் 370ஐ 0.8 ஆல் வகுத்தால் சுமார் 460 வாட்ஸ் உள்ளே வேண்டும், அதை 13.8 ஆல் வகுத்தால் 33, 34 ஆம்பியர். அதே பவருக்கு ஏபி ஆம்ப் 48 ஆம்பியரைத் தொடும். பாட்டு எப்போதும் உச்சத்தில் ஓடாது, சராசரி இதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் கேபிளை உச்சத்துக்குத்தான் வாங்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சின்ன கார்களில் 70, 80 ஆம்பியர் வாக்கில் இருக்கும். ஏசி, ஹெட்லைட், ஃபேன் எல்லாம் அதில்தான் பங்கு போடுகின்றன.

கடையில் கிட் என்று விற்கும் கேபிளில்தான் பெரிய ஏமாற்று. வெளியே தடியான பளபள ரப்பர், உள்ளே மெல்லிய கம்பி, அதுவும் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியம் செம்பில் சுமார் 60 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி வைத்துவிட்டு அதற்கு அரை இஞ்சுக் குழாய் போடுகிற வேலை இது.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. பேட்டரியில் இருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்று வைப்போம். அசல் செம்பு 8 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்) கேபிளில் 34 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.35 வோல்ட் போய்விடும். 4 கேஜில் 0.14 வோல்ட்தான். செம்பு பூசிய அலுமினியம் 8 கேஜ் என்றால் அரை வோல்ட்டைத் தாண்டும், அதோடு எர்த் பக்கத்து (ஆம்பின் மைனஸை காரின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) இழப்பு வேறு. எனவே இந்த அளவு ஆம்புக்கு 4 கேஜ் செம்பு. கேஜ் கணக்கு கடைக்காரருக்குக் கடைக்காரர் மாறும், சதுர மில்லிமீட்டர் கேட்டால் ஏமாற்ற முடியாது. 4 கேஜ் என்பது 21 சதுர மில்லிமீட்டர், 8 கேஜ் 8.4. ஆடியோ கடையில் நல்லது கிடைக்கவில்லையா, எலக்ட்ரிக்கல் கடையில் 25 சதுர மில்லிமீட்டர் மல்டிஸ்ட்ராண்ட் செம்பு வெல்டிங் கேபிள் கேளுங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும். இரண்டு முனைக்கும் அதே அளவு லக் (கேபிள் முனையில் மாட்டும் வளையம்) வாங்கி அந்தக் கடையிலேயே கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்துகொண்டு வாருங்கள், இடுக்கியால் நசுக்கி டேப் சுற்றுவது வேண்டாம்.

மாட்டும் வேலை

10 நம்பர் ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் மைனஸைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். கடைசி இணைப்பு முடியும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

பிளஸில் இருந்து கிளம்பும் கேபிளில் ஒரு முழத்துக்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்குள், மெயின் ஃபியூஸ் வர வேண்டும். ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும். இது கேபிளைக் காப்பாற்ற: வழியில் எங்காவது தகரம் உரசி பாடியில் பட்டால் பேட்டரி முழு வேகத்தில் கொட்டும், ஃபியூஸ் பின்னால் இருந்தால் கேபிள் முழுக்கத் தீப்பிடிக்கும். நம்ம கணக்குக்கு 60 ஆம்பியர் போதும். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ்களின் கூட்டுத்தொகையை ஒட்டி வையுங்கள், கேபிள் தாங்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

அடுத்து பானெட்டில் இருந்து உள்ளே போகும் வழி. டிரில் எடுக்கும் முன் டேஷ்போர்டு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துத் தேடுங்கள், கம்பெனி வயர் கட்டு போகும் ரப்பர் புஷ் ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சின்னதாகக் கீறி, கேபிளுக்கு முன்னால் ஒரு கெட்டிக் கம்பியை நுழைத்து இழுத்தால் வந்துவிடும். புது ஓட்டைதான் போட வேண்டும் என்றால் அதற்கும் ரப்பர் புஷ் கட்டாயம். பானெட்டுக்குள் இருக்கும் நீளத்துக்கு நெளிவுக் குழாய் மாட்டி, சைலென்சர் பக்கமோ பெல்ட் பக்கமோ போகாமல் கட்டுங்கள்.

உள்ளே வந்ததும் கதவடி பிளாஸ்டிக்கைக் கழற்றி அதன் அடியில் பின்னால் கொண்டு போங்கள். மஞ்சள் நிற வயரோ கப்ளரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக், அதைத் தொடவும் வேண்டாம், அதோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம். ஸ்டீரியோவில் இருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டு வரும் ஆர்சிஏ கேபிளும் ஸ்பீக்கர் வயரும் காரின் எதிர்ப் பக்கமாகப் போகட்டும். பவர் கேபிளும் ஆர்சிஏவும் ஒட்டி ஓடினால் இரைச்சல் புகும். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் கூட்டல் குறி மாதிரி கடக்கட்டும்.

எர்த். நூற்றுக்கு தொண்ணூறு கோளாறு இங்கேதான் என்று சொன்னால் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள், மறுக்க மாட்டார்கள். கேபிள் பிளஸ் போன அதே தடிமன், நீளம் ஒரு முழத்துக்குள். பாடியோடு வெல்டாகியிருக்கும் கெட்டித் தகடாகப் பார்த்து, உப்புத்தாள் போட்டு பெயின்ட், பிரைமர் எல்லாம் போய்த் தகரம் வெள்ளியாக மின்னும்வரை தேயுங்கள். லக் நேராகத் தகரத்தில் உட்கார வேண்டும், அதன் மேல் பல் வாஷர், அதன் மேல் நட்டு. இறுக்கியபின் கையால் லக்கைத் திருப்பிப் பாருங்கள், அசையக் கூடாது. முடிந்ததும் சுற்றிலும் கொஞ்சம் கிரீஸோ பெயின்ட்டோ பூசி மூடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டவே மாட்டாதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்று கடைக்காரரே மாட்டுவார், விடாதீர்கள். டிரில் போடும் முன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள், அந்தப் பக்கம் பெட்ரோல் டேங்க் இருக்கலாம். சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டரின் ஸ்டாண்டிலோ கேஸ் குழாய் பக்கமோ எதையும் திருகக் கூடாது, ஆம்பை முன் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவதே மேல். புது வண்டிகளில் பேட்டரி மைனஸ் முனையிலேயே கரண்ட் அளக்கும் சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றிப்போய் மைனஸில் நேராக எர்த் எடுத்தால் வண்டியின் சார்ஜ் கணக்கு குழம்பும், பாடியில்தான் எடுக்க வேண்டும். ஹைபிரிட் என்று எழுதியிருக்கும் வண்டியில் இரண்டாவதாக ஒரு லித்தியம் பேட்டரி இருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள்.

ஸ்டீரியோ பின்னால் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர்தான் ரிமோட். மெல்லிய ஒற்றை வயர் போதும், ஆம்பை எழுப்பிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. இதை நேராக பேட்டரி பிளஸில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி முழுக்க ஆம்ப் விழித்திருந்து காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கம்பெனி ஸ்டீரியோவையே வைத்துக்கொள்பவர்கள் ஆர்சிஏ அவுட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஸ்பீக்கர் வயரையே நேராக வாங்கும் ஹை லெவல் இன்புட் இருக்கும் ஆம்பாக எடுங்கள். பலவற்றில் சிக்னல் வந்ததும் தானாக எழும் வசதியும் உண்டு, ரிமோட் வயரே வேண்டாம். வயரை வெட்டாமல், வண்டி மாடலுக்கென்றே விற்கும் கப்ளர் வாங்கி இடையில் செருகினால் வாரண்டி சண்டையும் இல்லை.

ஸ்பீக்கர் வயர் முன்னால் 1.5, சப்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், மல்டிஸ்ட்ராண்ட். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறினால் எரியாது, ஆனால் இரண்டு கதவும் ஒன்றுக்கொன்று எதிராகத் தள்ளி பேஸ் காணாமல் போகும்.

ஆம்பை சப் பெட்டி மேல் திருகாதீர்கள், அதிர்வில் உள்ளே சால்டர் விட்டுவிடும். டிக்கித் தரையில் அரை இஞ்சு பிளைவுட் போட்டு அதன் மேல் வையுங்கள். சீசனுக்குக் குற்றாலம் போய்விட்டு ஈரத் துண்டையும் சொட்டச் சொட்டத் துணியையும் டிக்கியில் எறிகிற வழக்கம் நமக்கெல்லாம் உண்டு. அந்த உயரம் அப்போது கைகொடுக்கும்.

கெயின் வைப்பது

கெயின் திருகை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருகிவிடுகிறார்கள். ஸ்டீரியோ எவ்வளவு சிக்னல் தந்தால் ஆம்ப் முழு பவருக்குப் போக வேண்டும் என்று பொருத்துவது அது, அவ்வளவுதான். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் கால் மணி நேர வேலை.

ஸ்பீக்கர் வயர்களை ஆம்பில் இருந்து கழற்றுங்கள். ஃபில்டர், பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப், ஸ்டீரியோ ஈக்வலைசர் நேர்கோட்டில், கெயின் அடியில். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவுக்கு வையுங்கள், புளூடூத் என்றால் போனின் வால்யூம் முழுசாக இருக்கட்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் பிடித்துக்கொண்டு டெஸ்ட் டோன் ஒன்றைப் போடுங்கள்: சப்புக்கு 50 ஹெர்ட்ஸ், முன் ஸ்பீக்கருக்கு 400 ஹெர்ட்ஸ். எல்லோரும் 1000 ஹெர்ட்ஸ் சொல்வார்கள், நம்மிடம் இருக்கும் மலிவு மீட்டர்கள் 400க்கு மேல் சரியாகக் காட்டுவதில்லை. எத்தனை வோல்ட் வர வேண்டும்? வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். முன்னால் 75 வாட்ஸ், 4 ஓம்: 300, அதன் வர்க்கமூலம் 17.3 வோல்ட். சப்புக்கு 220 வாட்ஸ், 4 ஓம்: 29.7 வோல்ட். ஸ்பீக்கர் தாங்குவது குறைவு என்றால் அந்த வாட்ஸை வைத்துக் கணக்குப் போடுங்கள். மெதுவாகத் திருகி, எண் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

ஸ்பீக்கரை மாட்டியபின் ஆம்பின் ஃபில்டரில் முன்னால் ஹை பாஸ் (அதற்கு மேல் உள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோ பாஸ் (அதற்குக் கீழ் உள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ். பேஸ் கூடிவிட்டது என்று தோன்றினால் சப் கெயினைக் குறையுங்கள், குறைந்தால் சப் பெட்டியைத் திருப்பி வைத்துப் பாருங்கள், பேஸ் பூஸ்ட் பக்கம் போகாதீர்கள். நம்பர் பிளேட் கடகடவென ஆடினால் அதற்குப் பின்னால் ஃபோம் டேப் ஒட்டுங்கள்.

கோளாறு வந்தால்

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க கீ என்று ஏறுகிற சத்தம் என்றால் ஆம்பில் ஆர்சிஏவைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டதா, சத்தம் முன்னாலிருந்து வருகிறது: ஸ்டீரியோவின் எர்த் அல்லது கேபிள் போன வழி. நிற்கவில்லையா, ஆம்பின் எர்த். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நீள வயர் ஒன்றில் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸுக்கும், இன்னொன்றை ஆம்பின் எர்த் முனைக்கும் கொடுத்து டிசி வோல்ட்டில் வைத்துவிட்டு, பேஸ் உள்ள பாட்டைச் சத்தமாகப் போடச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5 என்று குதித்தால் உப்புத்தாளை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

பேஸுக்கு ஹெட்லைட் மங்கினால் உடனே கெபாசிட்டர் விற்க வருவார்கள். கெபாசிட்டர் மின்சாரம் உண்டாக்காது, ஆல்டர்னேட்டரிடம் வாங்கித்தான் அதுவும் நிரம்ப வேண்டும். முதலில் பானெட்டுக்குள் மூன்று வயர்களைத் தடிமனாக மாற்றுங்கள்: ஆல்டர்னேட்டரில் இருந்து பேட்டரி பிளஸ் (இதற்கும் ஃபியூஸ்), பேட்டரி மைனஸில் இருந்து பாடி, இன்ஜினில் இருந்து பாடி. பாதி வண்டிகளில் அதோடு சரியாகிவிடும்.

பாபநாசத்திலோ குற்றாலத்திலோ நிறுத்திவிட்டு இன்ஜினை அணைத்துப் பாட்டுப் போட்டால் கணக்கே மாறும். சின்ன பெட்ரோல் காரில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் ஸ்டார்ட் ஆகும் என்று நம்பாதீர்கள்.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் ஒன்று போட்டுப் பாருங்கள், மறுபடி போனால் நிறுத்திவிட்டு கேபிளை விரலால் தடவிக்கொண்டே வழி முழுக்கத் தேடுங்கள், எங்கோ தோல் உரிந்திருக்கும். மாட்டி ஒரு வாரம் ஓடியபின் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள், மல்டிஸ்ட்ராண்ட் கம்பி அமுங்கி ஆம்பின் முனைகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடலோரத்தில் வண்டி நிற்கிறது என்றால் வருஷத்துக்கு ஒருமுறை எர்த் போல்ட்டை முழுசாகக் கழற்றி, பச்சை பூத்திருந்தால் சுரண்டி, புது வாஷரோடு மாட்டிவிடுங்கள்.